செருப்புக்குள் ஒரு கல்

பெரியவளின் இடது கால் செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, ரொட்டிக்கடையைத் தாண்டி, சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லியின் மேலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவள், ஒரு காலில் கழற்ற ஒன்றுமே இல்லாததைப் பார்த்து அப்படியே நின்றாள்.

பின்னால் வந்த சின்னவளின் கையில் அந்தச் செருப்பு ஆடிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, செருப்புப் பட்டறையில வேலை பார்த்துக்கிட்டு ஒத்தைச் செருப்போட ஊர்வலம் போறே? முதலாளி பார்த்தா பட்டறை மானமே போச்சும்பாரு.”

“எங்கடி கிடந்துச்சு?”

“ரொட்டிக்கடை வாசல்ல. ஒரு நாய் மோந்து பார்த்துட்டு வேணாம்னு விட்டுட்டுப் போச்சு. நம்ம சரக்கோட லட்சணம் நாய்க்கே தெரிஞ்சிருக்கு.”

இருவரும் சிரித்தார்கள். உள்ளே போய் விளக்கடியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பெரியவளின் சிரிப்பு நின்றது. ஜல்லி உள்ளங்காலைக் கிழித்திருந்தது. ரத்தம் வந்து, காய்ந்தும் போயிருந்தது. ஆனால் வலிக்கவில்லை. காயத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல இருந்தது.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஓரகத்திகள் என்றால் எப்படியும் ஒருநாள் முட்டிக்கொள்வார்கள் என்று அக்கம்பக்கம் காத்திருந்தது. அக்கம்பக்கத்துக்குக் கடைசிவரை அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. பெரியவளுக்குத் தங்கை கிடையாது, சின்னவளுக்கு அக்கா கிடையாது. கிடைத்ததை இருவரும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவளின் புருஷன் லாரி ஓட்டப் போய்விட்டால் வாரக்கணக்கில் வரமாட்டான். பெரியவளின் புருஷன் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பேச்சு குறைவு. அதனால் வீட்டில் பேசுவதற்கு இவர்கள் இருவர்தான்.

பட்டறையிலும் ஒரே மேஜைதான். தைத்து வரும் மேல்பாகத்துக்கு அடியில் சோல் வைத்து ஒட்டுவது இவர்கள் வேலை. பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் பசை பூசி, கொஞ்சம் காயவிட்டு, பொருத்தி, மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பெயர். பூசி முடித்ததும் அதன்மேல் தூசி விழக்கூடாது. விழுந்தால் அந்த இடத்தில் ஒட்டாது, செருப்பு நாலே நாளில் வாயைப் பிளக்கும். அதனால் பட்டறை ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், பசை பூசிப் பழக முதலில் கொடுக்கிற வேலையே ஜன்னல் இடுக்குகளில் கழிவுத் தோல் துண்டுகளை ஒட்டி அடைப்பதுதான். கெட்டுப்போனாலும் நஷ்டமில்லை, தூசியும் வராது என்று முதலாளி கண்டுபிடித்த வழி அது. கிழக்கு ஜன்னலில் பெரியவள் ஒட்டிய துண்டுகள் இருந்தன. அவற்றின் மேலேயே சின்னவள் ஒட்டியவையும் இருந்தன.

பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஜோடியையும் பொருத்தித் தட்டும்போது மனசுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வாள்: ‘ஆண்டவனே, இதைப் போடுறவங்க கால் நல்ல இடத்துக்குப் போகட்டும்.’ யாருடைய காலென்று அவளுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காகக் கேட்பதை ஆண்டவன் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்பான் என்று அவள் நம்பினாள். தன் காலுக்காக அவள் ஒன்றும் கேட்டதில்லை.

சொல்யூஷன் முன்பு சிவப்பு டப்பாவில் வரும். சீக்கிரம் காயாது. போன மழைக்காலத்தில் முதலாளி நீல டப்பாவுக்கு மாறினார். பூசின வேகத்தில் காய்ந்துவிடும், ஒருவித இனிப்பான வாடை. அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்தால் தலை லேசாகி மிதப்பதுபோல இருக்கும். “கவலையெல்லாம் பறந்துடுதுக்கா” என்பாள் சின்னவள். கையில் ஒட்டியதைத் துடைக்கவும் அந்த டப்பாவிலேயே துணியை நனைப்பார்கள்.

செருப்பு கழன்ற பிறகுதான் பெரியவள் முந்தி நடந்ததையெல்லாம் கோத்துப் பார்த்தாள். குளிர்ந்த தரையில் நின்றாலும் காலில் உறை போட்டதுபோல இருந்தது, படியேறும்போது முன்பாதம் தட்டியது, தீக்குச்சி விரலிலிருந்து நழுவியது. களைப்பு என்று தள்ளிவிட்டவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. புருஷனிடம் காலைக் காட்டினாள். அவர் காயத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மறுநாள் கடையைத் திறக்காமல் அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா சின்ன வயசு. பெரியவளைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை மேலே, கீழே என்று அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டாள். பெரியவள் சொன்னதில் பாதிக்கு மேல் தப்பு. பிறகு காலில் கம்பிகளை ஒட்டி, மின்சாரத்தைச் சுண்டிவிட்டு நரம்பின் வேகத்தைப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா அவள் சட்டைக் கைப்பக்கம் லேசாக மோந்து பார்த்தாள்.

“என்னம்மா வேலை பார்க்கிறீங்க?”

“சோல் ஒட்டுறேன்.”

டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரப்படாமல் சொன்னாள்.

“நம்ம உடம்புலயே நீளமான செல் எது தெரியுமா? முதுகெலும்புகிட்ட உட்கார்ந்துக்கிட்டு கால் விரல் வரைக்கும் கையை நீட்டிக்கிட்டு இருக்கே, அந்த நரம்பு செல்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. அந்தக் கைக்குள்ள அதைவிட மெல்லிசா இழை இழையா ஓடும். அது ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டாம, ஒழுங்கா இடைவெளி விட்டு நிக்கணும். அப்பத்தான் செல்லுலேருந்து சாப்பாடும் சாமானும் நுனி வரைக்கும் போகும்.”

“சரிங்கம்மா.”

“உங்க பசையில ஹெக்சேன்னு ஒண்ணு இருக்கும். மூச்சுல போகும், தோல் வழியாவும் போகும். உடம்புக்குள்ள போனதும் அது வேற ஒண்ணா மாறி, இந்த இழைகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடுது. நீங்க வெளியில ஒட்டுறீங்க, அது உங்களுக்குள்ள ஒட்டுது. ஒட்டினது அங்கங்க திரண்டு நரம்பு வீங்கிக்குது. அப்புறம் சாமான் நுனிக்குப் போய்ச் சேராது. ரொம்ப தூரத்துல இருக்கிறது கால் விரல், அதனால அதுதான் முதல்ல வாடும். அடுத்தது கை.”

பெரியவளுக்குப் புரிந்தது. உட்சோலுக்கு அடியில் பசை உருண்டு திரண்டுகொண்டால் வெளியே எப்படிப் புடைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா. அந்தப் புடைப்பை அவள் தன் காலுக்குள் நினைத்துப் பார்த்தாள்.

“செல் செத்துப்போச்சாம்மா?”

“இல்ல. செல் உசிரோடதான் இருக்கு, நீட்டின கைதான் நுனியில வாடியிருக்கு. பசையை விட்டுட்டீங்கன்னா அது மறுபடி வளர்ந்து வரும். ரொம்ப மெதுவா. முடி வளர்ற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பொறுமை வேணும். அந்த மேஜைப் பக்கம் மட்டும் போகாதீங்க. கூட வேலை பார்க்கிறவங்களையும் வந்து காட்டச் சொல்லுங்க.”

பெரியவள் செருப்பை மாட்டப் போராடிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா அவள் புருஷனை ரிப்போர்ட் வாங்கிக்கொள்ள உள்ளே கூப்பிட்டாள். வெளியே வந்தவரின் முகம் எப்போதும்போல மூடித்தான் இருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“சரியாயிடுமாம்.”

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் சின்னவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் தன் கால்விரல்களை ஆட்டிக் காட்டினாள். “பாருக்கா, என் விரல் டான்ஸே ஆடுது. எனக்கு ஒண்ணுமில்ல. நீ நிம்மதியா படு. உன் இடத்தை நான் பார்த்துக்கிறேன்.” முதலாளியிடமும் சொல்லி அனுப்பினார்கள். “எத்தனை காலமா ஒட்டுறோம், யாருக்கு என்ன வந்துச்சு? அது அவங்கவங்க உடம்பு வாகு” என்று பதில் வந்தது. ஆனாலும் அவர் பெரியவளுக்குப் பழங்கள் கொடுத்தனுப்பினார். கெட்ட மனுஷன் இல்லை. தன் பட்டறைக்குள் கெட்டது ஒன்று இருக்கும் என்று நம்ப மனசு வராத மனுஷன், அவ்வளவுதான்.

பெரியவள் வீட்டிலிருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், சொன்ன மாத்திரையைப் போட்டாள், காலையும் மாலையும் ஆண்டவனிடம் பேசினாள். ஆனால் உடம்பு தேறவில்லை. தேறாதது மட்டுமில்லை, கீழே இறங்கிக்கொண்டே போனது. பட்டறைக்குப் போன காலத்தில் பஸ் ஏறி இறங்கியவள், இப்போது சமையலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முன்பாதம் தொங்கிப்போய், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை உயரத் தூக்கி வைத்தாள். சட்டைப் பொத்தான் விரலுக்குள் நிற்கவில்லை. ஒருநாள் டம்ளர் கைநழுவி விழுந்து உருண்டது. பிடித்துக்கொண்டிருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள்.

புருஷன் டம்ளரை எடுத்துத் தரையைத் துடைத்தார். “சரியாயிடும்” என்றார். அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மெல்லத் தேய்த்துவிட்டார். தினமும் அப்படித்தான் செய்தார். அவர் கை படுவது அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவரிடம் சொல்லவும் மனசு வரவில்லை.

தனியாக உட்கார்ந்திருக்கும் மனசு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கத்தானே செய்யும். வேலைக்குப் போகும்வரை நடந்தேன், நின்றதும் கால் விழுந்துவிட்டது. அப்படியானால் உடம்பைக் கெடுத்தது எது? ஓய்வுதானே? சுத்தியலைத் தட்டித் தட்டித்தான் இந்தக் கைக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா படித்தவள், நல்லவள், ஆனால் அவளும் மனுஷிதானே, தப்பாகச் சொல்லியிருக்கலாம். நாளாக ஆக இந்த எண்ணம் அவளுக்குள் கெட்டியாகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் படுத்த படுக்கையாகிவிடுவோம் என்று பயந்தாள். அந்தப் பயத்தையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அந்தச் சமயம் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மறைத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் மற்றவர் மேலிருந்த பிரியத்தால்.

ஒருநாள் காலையில் புருஷன் கடைக்குப் போனதும், சின்னவள் பட்டறைக்குக் கிளம்பியதும், பெரியவள் ஒரு துண்டுத் துணியால் செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஊன்றுகோல் ஒன்றை வாங்கிக்கொண்டாள். ஆட்டோ வைத்துப் பட்டறை வாசலில் போய் இறங்கினாள்.

கதவைத் திறந்ததும் அந்த இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தலை லேசானது. ‘பார்த்தாயா, உள்ளே வந்ததுமே உடம்பு இளகுகிறது’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதலில் பார்த்தவர் தோல் வெட்டுகிற அண்ணன். வாய் ஓயாமல் பேசுவதால் பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

“வாங்க வாங்க. நீங்க இல்லாம இந்தப் பட்டறையில என் பேச்சைக் கேட்க ஆளே இல்லை. உங்க ஓரகத்தி என்னை ஆஃப் பண்ணிப் போட்டுருக்காங்க.”

“அவ எங்க?”

“மேஜையிலதான். உங்க வேலையும் சேர்த்து அவங்களே பார்க்கிறாங்க. டீக்குக்கூட எந்திரிக்கிறதில்ல. கேட்டா, அக்கா இடத்துக்கு வேற ஆள் போட்டுடக்கூடாதுங்கிறாங்க.”

பெரியவள் நிற்கவில்லை. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மேஜையருகே போனாள். சின்னவள் முதுகு காட்டி உட்கார்ந்து, தலை குனிந்து பூசிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அவள் பங்கு, மறுபக்கம் பெரியவளின் பங்கு, இரண்டும் மலைபோலக் குவிந்திருந்தன.

கூப்பிட வாயைத் திறந்த பெரியவள் நிறுத்திக்கொண்டாள். மேஜைக்கு அடியில் சின்னவளின் செருப்பு ஒன்று கழன்று, கவிழ்ந்து கிடந்தது. வெறுங்கால் தரையில் இருந்தது. தரையில் விழுந்து கிடந்த ஒரு சின்ன ஆணி, அந்தப் பாதத்தின் ஓரத்துக்கு அடியில் அழுந்திக்கொண்டிருந்தது. கால் நகரவில்லை. சின்னவள் பாட்டுக்குப் பூசிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் போட்டு வைத்திருந்த கணக்கு முழுவதும் அந்த இடத்தில் சரிந்தது. இவள் ஒருநாள்கூட ஓய்வெடுக்கவில்லையே. சுத்தியலைக் கீழே வைக்கவில்லையே. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறாளே. கெடுத்தது ஓய்வு என்றால் இவள் கால் ஏன் செத்துக் கிடக்கிறது?

“சின்னவளே.”

திரும்பிய சின்னவள் பதறிப்போனாள். “அக்கா, நீ எங்கக்கா இங்க?”

“இருக்கட்டும். உன் செருப்பு எங்க?”

“கால்ல.” சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

பெரியவள் பக்கத்து முக்காலியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். “கண்ணை மூடு” என்றாள்.

“எதுக்கு?”

“மூடுன்னா மூடேன்டி.”

சின்னவளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலைப் பிடித்துக் கிள்ளினாள். அவள் விரல்களும் வலுவில்லாதவைதான். ஆனாலும் நகம் பதியக் கிள்ளினாள்.

“எந்த விரல் சொல்லு.”

“விளையாடாதக்கா. நீ இன்னும் தொடவே இல்லியே.”

அதற்குள் ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டு அருகில் வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் முதலாளியும் வந்துவிட்டார். ஊன்றுகோல் சத்தம் கேட்டு, பெரியவளை விசாரிக்க வந்தவர் அவர். சின்னவளின் மூடிய கண்ணையும், மடியிலிருந்த காலையும், விரலில் பதிந்திருந்த நகத்தடத்தையும் பார்த்தார்.

“எப்பலேருந்துடி?” பெரியவள் கேட்டாள்.

சின்னவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “நீ நின்னதுக்கு அப்புறம்தான். முதல்ல மதமதன்னு இருந்துச்சு. நானும் நின்னுட்டா உன் இடமும் போயிடும், என் இடமும் போயிடும். உனக்குத் தெரிஞ்சா உன்னாலதான்னு அழுவே. அதான் சொல்லல.”

“அடிப்பாவி.”

“திட்டாதக்கா.”

“திட்டல. இந்த நல்லதை உன்கிட்ட யாருடி கேட்டா? எனக்கு நல்லது பண்றேன்னு உன் காலைக் கொடுத்திருக்கியே.”

பிறகு பெரியவள் முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். சண்டை போடுகிற குரலே அவளுக்குக் கிடையாது. இப்போதும் அது வரவில்லை.

“அண்ணே, என் ஒருத்தி உடம்பு வாகுன்னு சொன்னீங்க. நானும் அவளும் ஒரே வயித்துல பிறக்கலை. ஒரே வீட்டுக்கு வந்தோம், ஒரே மேஜையில உட்கார்ந்தோம். வீட்டால வந்ததுன்னா எங்க வீட்டுக்காரருக்கும் வந்திருக்கணும். அவருக்கு வரலை.”

முதலாளி மேஜையருகே வந்தார். மேஜை மேலிருந்த நீல டப்பாவை எடுத்தார், திருப்பினார், மூடியை இறுக்கி மூடினார். இன்னும் திறந்திருந்தவற்றையும் ஒவ்வொன்றாக மூடினார். பிறகு நேரே கிழக்கு ஜன்னலுக்குப் போய் அதைத் தள்ளினார். ஜன்னல் அசையவில்லை.

“ரேடியோ, கத்தியை எடு” என்றார்.

இருவரும் சேர்ந்து இடுக்குகளில் ஒட்டியிருந்த தோல் துண்டுகளை நெம்பினார்கள். மேலே ஒட்டியது கிழிந்து வந்தால் அடியிலிருந்தது வரவில்லை. ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. “இதை யாரும்மா ஒட்டினது? கடையில வர்ற செருப்பெல்லாம் இப்படி ஒட்டியிருந்தா, ஒருத்தன் மறுசெருப்பு வாங்கமாட்டான். நம்ம பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“அடியில இருக்கிறது நான். மேல இருக்கிறது அவ” என்றாள் பெரியவள்.

கடைசித் துண்டு பிய்ந்ததும் ஜன்னல் கிறீச்சிட்டுத் திறந்தது. வெளிக்காற்று உள்ளே புகுந்து மேஜைமேல் கிடந்த துணுக்குகளைப் பறக்கடித்தது. பூசி வைத்திருந்த சோல்கள் எல்லாவற்றிலும் தூசி படிந்தது. முதலாளி அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வலி ஓடியது, பொய் சொல்வானேன். ஆனால் ஜன்னலை மூடவில்லை.

மறுநாள் எல்லோருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். சின்னவள், ரேடியோ, முதலாளிகூட. பெரியவளின் புருஷனும் வந்திருந்தார். டாக்டரம்மா முதலில் பெரியவளைப் பரிசோதித்தாள். பெரியவள் தயங்கித் தயங்கி, தான் ஓய்வைச் சந்தேகப்பட்டதையும் பட்டறைக்குத் திரும்பப் போனதையும் சொன்னாள்.

“அன்னைக்கே சொன்னேனேம்மா. விட்ட பிறகும் சில மாசம் மோசமாகிக்கிட்டுத்தான் போகும். ஏற்கெனவே ஒட்டிப்போன இழைக்கட்டி உள்ளேயே நுனியைப் பார்த்து நகர்ந்துக்கிட்டு இருக்கும். அது அடங்கின பிறகுதான் வளர ஆரம்பிக்கும். உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அனுப்பினேனே.”

எல்லோரும் பூட்டு ரிப்பேர்க்காரரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

“மோசமாகும்னு சொல்லி அவளை எதுக்குப் பயமுறுத்தணும்னு விட்டுட்டேன்” என்றார். “எனக்கு நாக்கு எழும்பலை.”

“ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறீங்க. இதை மட்டும் சாவி தொலைச்சுப் பூட்டிட்டீங்களே” என்றாள் பெரியவள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் தினமும் மடியில் தன் காலை வைத்துத் தேய்த்த அந்தக் கைகள் இப்போது அவள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதைக் கண்டதும் அவள் குரல் இறங்கிவிட்டது. “இனிமே நல்லதோ கெட்டதோ, முழுசா சொல்லுங்க. தெரிஞ்சா பொறுத்துக்குவேன். தெரியாததுதான் என்னைத் திரும்ப அந்த மேஜைக்கு இழுத்துட்டுப் போச்சு.”

பிரியம் நல்லதுதான். ஆனால் அதையும் ஜன்னல் அடைத்த அறையில் வைக்கக்கூடாது என்று அவளுக்கு அன்று பட்டது. வீடு திரும்பியதும் ஆண்டவனிடம் அதையே சொன்னாள். தன் காலுக்காக முதல்முறையாக ஒரு வரியும் கேட்டாள். கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

முதலாளி நீல டப்பாக்களைத் திருப்பி அனுப்பினார். தண்ணீர் கலந்து செய்த பசை ஒன்று வந்தது. அது காய வெகுநேரம் பிடிக்கும். “இது காயறதுக்குள்ள செருப்பு போடுறவனுக்குக் கால் வளர்ந்துடும்” என்று முதலாளி தினமும் புலம்பினார். புலம்பிக்கொண்டே காற்றை வெளியே தள்ளும் விசிறி மாட்டினார், தூசி விழாமலிருக்க மேஜைமேல் கண்ணாடி மறைப்பும் செய்து கொடுத்தார். இரண்டு ஓரகத்திகளின் இடத்திலும் வேறு ஆளைப் போடவில்லை. கை கால் தேறும்வரை உட்கார்ந்தபடி ஜோடி பார்க்கும் வேலை கொடுத்தார். இடதும் வலதும் நிறத்திலும் அளவிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டியில் வைப்பதுதான் வேலை. பசை மேஜையிலிருந்து தள்ளி, திறந்த ஜன்னலுக்கு அடியில் இருவருக்கும் இடம். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாக மூடும்போது பெரியவள் தன் பழைய வரியை மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.

சின்னவளுக்கு இறங்குமுகம் அப்போதுதான் வந்தது. பசையை விட்ட பிறகும் மரத்தல் பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. ஒருநாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தெரியாமல் விழுந்து, நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“எனக்கு உன்னளவுக்குப் பொறுமை இல்லக்கா. நான் நல்லாக மாட்டேன்.”

“எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அப்ப எனக்குச் சொல்ல ஆள் இல்ல. உனக்கு நான் சொல்றேன். இன்னும் கொஞ்சம் மோசமாகும். அப்புறம் நிக்கும். அப்புறம் திரும்பும்.”

“உனக்குத் திரும்பிடுச்சா?”

பெரியவளால் ஆமென்று சொல்ல முடியவில்லை. கீழே இறங்குவது நின்றிருந்தது, அவ்வளவுதான். பொய் சொல்லித் தேற்றும் பழக்கத்தை அந்த வீட்டில் எல்லோருமே விட்டிருந்தார்கள். “இன்னும் இல்ல. நின்னிருக்கு. வா, கையைக் கொடு” என்றாள். ஒருத்தி ஊன்றுகோலைப் பிடித்தாள், இன்னொருத்தி அவளைப் பிடித்தாள். இருவரும் ஆடி ஆடி நடந்ததைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரர், “ரெண்டு பேரும் எங்க போட்டுட்டு வர்றீங்க?” என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த சின்னவளே முதலில் சிரித்துவிட்டாள்.

வெயில் போய் மழை வந்தது, மழையும் ஓய்ந்தது. ஒருநாள் வேலை முடிந்து அதே வழியில் இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். சாலை போட்டு முடித்திருந்தாலும் ஓரத்தில் ஜல்லி மிச்சம் கிடந்தது. பெரியவளிடம் இப்போது ஊன்றுகோல் இல்லை. ரொட்டிக்கடைக்கு முன்னால் வந்தபோது அவள் சட்டென்று நின்றாள்.

“என்னக்கா, செருப்பு கழண்டுடுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் நிக்கிற?”

பெரியவள் வலது காலை எடுத்து வைத்தாள். பிறகு இடது காலை மெதுவாக, மிக மெதுவாகத் தரையில் அழுத்தினாள். அவள் முகம் சுளித்தது. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் சுளித்தது.

“ஏதோ குத்துதுடி.”

“எங்க?”

“கால்ல. பெருவிரலுக்குக் கீழ.”

சின்னவள் அவள் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வார்ப்பூட்டைத் தளர்த்தி, பெரியவளின் செருப்பைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் தடவினாள். எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஒரு சின்னக் கல்தான், மிளகளவு இருக்கும்.

“இதுவா உனக்குத் தெரிஞ்சுது?”

“இதுதான். ஊசி மாதிரி குத்துச்சு.” பெரியவளின் கண்கள் நிறைந்துவிட்டன. “ஆண்டவனே” என்றாள். அதற்கு மேல் வரி எதுவும் வரவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நடுவழியில் ஒருத்தி செருப்பில்லாமல் நின்று அழுகிறாள், இன்னொருத்தி கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சின்னவள் அந்தக் கல்லைத் தன் செருப்புக்குள் போட்டு, காலை நுழைத்து, எழுந்து நின்று அழுத்திப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலக்கா.”

“நீ எனக்கு அப்புறம்தானேடி பசையை விட்டே.”

“எனக்கும் குத்துமா?”

“குத்தும்” என்றாள் பெரியவள். “குத்தும்போது ஐயோன்னு கத்துவே பாரு. அன்னைக்கு நான் பக்கத்துல இருப்பேன்.”

சின்னவள் குனிந்து கல்லை எடுத்தாள். தூக்கி எறியப் போனவள், கையை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு பெரியவளின் காலில் செருப்பை மாட்டி, வார்ப்பூட்டை இறுக்கினாள்.

“இறுக்கமா இருக்கா?”

“இருக்கு. ஒரு துளை தள்ளிப் போடு, அழுத்துது.”

சின்னவள் ஒரு துளை தள்ளிப் போட்டாள்.